"இங்க யாரும் சாகலை, மலைக்கு அந்தப் பக்கம்தான் செத்தாங்க": மேயோ கிராமத்துப் பஞ்சக் கதைகள் பற்றி ஒரு கேள்வி

லோகு_மேயோ எழுதியது:

வணக்கம் மக்களே. அயர்லாந்தின் மேற்குக் கரையில் மேயோ மாவட்டத்தில், லூயிஸ்பர்க் பக்கம் ஒரு கிராமத்தில் குடியிருக்கிறேன். வீட்டிலிருந்தே வேலை, அதனால் வாடகை குறைவான இடமாகத் தேடி இங்கே வந்து சேர்ந்தது. எதிரே இருக்கும் மலைச்சரிவு முழுக்கச் சீப்பால் வாரிவிட்ட மாதிரி வரி வரியாக மேடும் பள்ளமும். சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது இன்னும் நன்றாகத் தெரியும். அதெல்லாம் பழைய உருளைக்கிழங்குப் பாத்திகள், 1840களின் பெரும் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் விட்டுப்போனது, அப்புறம் யாரும் மண்வெட்டி வைக்கவில்லை, புல் மூடிவிட்டது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார். எண்பதைத் தாண்டியவர், இன்னமும் ஆடு வளர்க்கிறார், வாய் ஓயாமல் பேசுவார்.

ஆனால் பஞ்சத்தைப் பற்றி மட்டும் நேராகக் கேட்டால் "இங்க யாரும் சாகலைப்பா, கடல் இருந்தது, எப்படியோ சமாளிச்சாங்க, மலைக்கு அந்தப் பக்கம்தான் கொத்துக் கொத்தாச் செத்தாங்க" என்கிறார். சரி என்று மலைக்கு அந்தப் பக்கம் தெரிந்த ஒரு பாட்டியிடம் பேச்சுக்கொடுத்தால், அவர் இந்தப் பக்கம் கையைக் காட்டி அதையே அப்படியே சொல்கிறார். இரண்டு பேருமே பொய் சொல்கிற ஆட்கள் இல்லை.

இன்னொன்று. ஒருநாள் பப்பில் ஒருவர், ஊரில் ஒரு குடும்பத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டு "அவங்க கஞ்சி வாங்கின ஆளுங்க" என்றார். 170 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இப்போதும் குரலைத் தாழ்த்துகிறார்கள்! கஞ்சி வாங்கிக் குடித்ததில் என்ன தப்பு? இந்த ஊர்க் கதைகளை எங்காவது எழுதி வைத்திருக்கிறார்களா, நான் பாட்டுக்கு வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருப்பது முறைதானா என்றும் ஒரு தயக்கம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழையபேப்பர் எழுதியது:

லோகு, உங்கள் பெரியவர் சொன்ன அந்தப் பதில் உங்கள் ஊருக்கு மட்டும் உரியது இல்லை, அயர்லாந்து முழுக்க அதே பதில்தான். 1937 முதல் 1939 வரை அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒரு வேலை செய்தது. 26 மாவட்டங்களில் சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளுக்கு நோட்டுகளை அனுப்பி, ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாங்க" என்றார்கள். கொடுத்த தலைப்புகளில் பஞ்சமும் ஒன்று. இப்போது எல்லாமே ஸ்கேன் செய்யப்பட்டு 'தூகஸ்' தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, மாவட்டம், ஊர் வாரியாகத் தேடலாம். 1945ல் பஞ்சத்தின் நூற்றாண்டு வந்தபோது பெரியவர்களிடம் தனியாக இன்னொரு கேள்விப் பட்டியலும் போனது. உங்கள் ஊர்ப் பள்ளியின் நோட்டு இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, முதலில் அதைப் படித்துவிட்டு அப்புறம் வீடு ஏறுங்கள்.

படித்தால் என்ன கிடைக்கும் என்று எதிர்பார்ப்பு வைத்துக்கொள்ளுங்கள். லண்டன் பார்லிமென்ட், பிரதமர் பீல் எல்லாம் அதில் அதிகம் இருக்காது. இந்த வளைவிலிருந்து அந்த ஓடை வரைக்கும் முன்பு இத்தனை வீடு புகைந்தது, இப்போது இத்தனைதான். கஞ்சி காய்ச்சிய கொப்பரை யார் வீட்டு வாசலில் இருந்தது. ராத்திரி படுக்கும்போது பச்சையாக இருந்த கொல்லை விடிகாலையில் கருகி நாறியது. மாட்டின் கழுத்தில் கீறி ரத்தம் எடுத்து ஓட்ஸ் மாவில் கலந்து வேகவைத்தார்கள். டர்னிப் திருட வருபவர்களைப் பிடிக்க ராத்திரிக் காவல் போட்டார்கள். திரும்பத் திரும்ப வரும் ஒரு கதை, வீட்டுக்காரி கடைசிப் பிடி மாவைப் பிச்சைக்கு வந்தவளுக்குக் கொடுத்துவிடுவாள், புருஷன் திட்டுவான், விடிந்து பார்த்தால் மாவுப்பெட்டி நிரம்பியிருக்கும். பத்து மாவட்டத்தில் பத்துப் பேர் தங்கள் சொந்தப் பாட்டிக்கு நடந்ததாகவே சொல்லியிருப்பார்கள்.

பிள்ளைகள் எழுதிய நோட்டை வாத்தியார் படிப்பார், வாத்தியார் உள்ளூர்க்காரர், கதை சொன்ன தாத்தாவின் பெயரும் நோட்டில் இருக்கும். அந்த நிலைமையில் எது எழுத்தில் வரும், எது வராது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

என் கணக்கில் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. மேயோ மாவட்டத்தின் மக்கள்தொகை 1841ல் 3,88,887. 1851ல் 2,74,499. பத்து வருஷத்தில் ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் பேர் இல்லை. செத்தவர்களும் கப்பல் ஏறியவர்களும் விட்ட நிலம் காற்றில் கரைந்துவிடுமா? நாடு முழுக்க ஒன்று முதல் ஐந்து ஏக்கர் வரை இருந்த குடித்தனங்கள் 1845க்கும் 1851க்கும் இடையில் பாதியாகக் குறைந்தன, முப்பது ஏக்கருக்கு மேற்பட்டவை பெருகின. இங்கிலாந்துப் பிரபுவுக்குத்தான் சொத்து, வாஸ்தவம். ஆனால் காலியான பாத்தியைச் சேர்த்துக் குத்தகைக்கு எடுத்தது யார்? கொஞ்சம் வசதியாக இருந்த பக்கத்து வீட்டுக்காரர். இன்றைக்கு ஊரில் இருப்பவர்கள் பெரும்பாலும் தப்பித்தவர்களின் வாரிசுகள். தப்பித்தவர்களுக்குத் தின்ன ஏதோ இருந்தது. "எங்கள் ஊரில் யாரும் சாகவில்லை" என்று சொல்லிவிட்டால் செத்தவனின் வயல் யாரிடம் போயிற்று என்ற அடுத்த கேள்வி எழாது. எல்லாரும் வேண்டுமென்றே மறைக்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை, நாலு தலைமுறையாக இப்படியே சொல்லிச் சொல்லி அதுவே நிஜமாகப் பழகிவிட்டது.

அப்புறம் அந்த வரிகள். பார்க்கும் எல்லா வரியும் பஞ்சகாலத்து வரி இல்லை. மேற்குக் கரையில் இருபதாம் நூற்றாண்டிலும் அப்படியே பாத்தி போட்டுக் கிழங்கு நட்டவர்கள் உண்டு. இன்றைக்கு ஆடு மட்டுமே ஏறும் உயரம் வரைக்கும் பாத்தி போயிருக்கிறதா என்று பாருங்கள், அது 1845க்கு முந்திய ஜன நெருக்கடியின் அடையாளமாக இருக்கலாம்.

---

சும்மா_ஒரு_சந்தேகம் எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஊரைச் சுற்றிக் கடல் என்கிறீர்கள். மீன் பிடித்துத் தின்றிருக்கலாமே? உருளைக்கிழங்கு ஒன்று போனால் வேறு தானியமே இல்லாமலா போய்விடும்? சோம்பேறிகள் என்று நான் சொல்லவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்கிறேன்.

---

கார்க்_அக்கா எழுதியது:

தம்பி, நியாயமான சந்தேகம்தான், அந்தக் காலத்து லண்டன் பத்திரிகைகளே இதைக் கேட்டன, அங்கே கேட்ட தொனிதான் வேறு.

மேற்குக் கரையில் ஏழைகளிடம் இருந்தது மரச்சட்டத்தில் தோல் அல்லது தார் பூசிய துணி போர்த்திய சின்னப் படகு. அட்லாண்டிக்கில் குளிர்காலத்தில் ஆழத்துக்கு அதை வைத்துக்கொண்டு போக முடியாது. அதோடு 1846 இறுதியில் பசி முற்றியபோது வலையையும் தூண்டிலையும் அடகு வைத்து மாவு வாங்கிவிட்டார்கள். கால்வேயில் கிளாடா மீனவர்களின் வலைகளை அடகுக் கடையிலிருந்து மீட்க க்வேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர்தான் கடன் கொடுத்தார்கள். கரையோரம் பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பி, கடற்பாசி எல்லாம் சுரண்டித் தின்று தீர்ந்துபோயிற்று.

தானியம் விளைந்தது, ஓட்ஸ் விளைந்தது. அது குத்தகைப் பணம். அதை விற்றுத்தான் நிலப்பிரபுவின் காரியஸ்தரிடம் வாடகை கட்ட வேண்டும், தின்றுவிட்டால் வீட்டுக்கூரையைப் பிரித்துவிடுவான். தின்பதற்கு என்று இருந்தது கிழங்கு மட்டும்தான், வேலை செய்கிற ஒரு ஆம்பிளை ஒரு நாளைக்கு ஐந்தாறு கிலோ தின்பார், மோர் இருந்தால் மோர். எட்டரை மில்லியன் ஜனத்தில் மூன்று மில்லியன் பேருக்கு அதுதான் முழுச் சாப்பாடு. 1845ல் ஒரு பங்கு போச்சு, 1846ல் கிட்டத்தட்ட மொத்தமும் போச்சு. 1847ல் கருகல் நோய் குறைவு, ஆனால் விதைக்கிழங்கையும் தின்றுவிட்டதால் நட்டதே கொஞ்சம். 1848ல் மறுபடியும் கருகல். நம்ம நீலகிரியில் கிழங்குக்கு வருகிறதே பின்கருகல், அதே நோய்க்கிருமிதான். ஈரமும் மூடுபனியும் இருந்தால் ஒரு வாரத்தில் கொல்லையே போய்விடும்.

லோகு தம்பிக்கு: நான் இருப்பது கார்க் மாவட்டத்தில், ஸ்கிபரீனுக்குப் பக்கம். இங்கே "யாரும் சாகவில்லை" என்று சொல்லவே முடியாது, ஊர் எல்லையில் அபிஸ்ட்ரூரி இடுகாட்டில் பெயரில்லாமல் எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேர் வரை ஒரே குழிகளில் கிடக்கிறார்கள். அடிப்பலகை கதவு மாதிரித் திறக்கும் சவப்பெட்டியில் கொண்டுவந்து, உடலைக் குழியில் விட்டுவிட்டு, பெட்டியை அடுத்தவருக்கு எடுத்துப் போவார்கள். டாம் கெரின் என்ற சின்னப் பையனைச் செத்துவிட்டான் என்று குழியில் போட்டு, மண்வெட்டி பட்டுக் கால் முறிந்தபோது அவன் முனகியதால் வெளியே எடுத்தார்கள், அவர் கோணல் காலோடு 1910 வரை வாழ்ந்தார். ஆகவே இங்கே ஒரு தலைமுறை அவரைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறது.

இன்னொரு பெயரும் இங்கே மறக்கவில்லை, டெனிஸ் மெக்கென்னடி. நிவாரண வேலை என்று ரோடு போட்டார்கள் இல்லையா, அதில் கல் உடைத்தவர். ஒரு நாள் கூலி எட்டு பென்ஸ், அதுவும் இரண்டு வாரமாகக் கொடுக்கவில்லை. 1846 அக்டோபர் 24ந் தேதி ரோட்டோரத்திலேயே விழுந்து செத்தார். டாக்டர் டோனவன் உடலைப் பரிசோதித்தார், வயிற்றில் ஒன்றுமில்லை. விசாரணைக் குழுவில் இருந்த உள்ளூர்க்காரர்கள், பொதுப்பணி வாரியத்தின் அலட்சியத்தால் பட்டினிச் சாவு என்றே தீர்ப்பு எழுதினார்கள். வயிறு காய்ந்த ஊர்க்காரர்கள் அரசாங்கத்தைப் பார்த்து எழுத்தில் அப்படி எழுதியதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஒரு மரியாதை வரும்.

கஞ்சி விஷயம். இதில் இரண்டு கஞ்சி உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. க்வேக்கர்கள் ஊற்றிய கஞ்சிக்கு நிபந்தனை கிடையாது. 1847 கோடையில் அரசாங்கம் திறந்த கஞ்சித்தொட்டியில் ஒரே சமயத்தில் மூன்று மில்லியன் பேர் வரை குடித்தார்கள், அந்தப் பஞ்சத்தில் உருப்படியாக நடந்த காரியம் அது ஒன்றுதான், அதையும் அந்த இலையுதிர் காலத்துக்குள் மூடிவிட்டார்கள். இன்னொரு வகை, சில புராட்டஸ்டன்ட் மிஷன்கள் "எங்கள் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பு, எங்கள் கோயிலுக்கு வா" என்று சொல்லி ஊற்றியது. உங்கள் மேயோவிலேயே ஆக்கில் தீவில் நாங்கிள் பாதிரியாரின் மிஷன் மேல் அந்தப் புகார் பலமாக இருந்தது. அப்படி மாறிய குடும்பங்களைத்தான் 'சூப்பர்' (souper, சூப்புக்காக மதம் மாறினவர்) என்று திட்டுவார்கள். எண்ணிக்கையில் குறைவுதான், ஆனால் பட்டப்பெயர் பரம்பரைக்கும் ஒட்டிக்கொண்டது. பசிக்குப் பிள்ளையைக் காப்பாற்றினவள் மேல் இத்தனை வருஷம் கறுவுவது எனக்குப் பிடிக்காது, இங்கே நேராகவே சொல்லியும் இருக்கிறேன்.

கொப்பரை பார்க்க ஆசை இருந்தால் எங்கள் பக்கம் வாருங்கள். மூன்று கால் வைத்த வார்ப்பிரும்புப் பாத்திரம், ஒரு ஆள் உள்ளே உட்காரலாம், விளிம்பு கட்டைவிரல் தடிமன். பஞ்சம் முடிந்ததும் பன்றிக்குக் கிழங்கு வேகவைத்தார்கள், அப்புறம் மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி, இப்போது சிலர் வாசலில் பெட்டூனியாச் செடி வைத்திருக்கிறார்கள்.

---

வடமராட்சியான் எழுதியது:

நல்ல திரி. நான் டப்ளினில் இருக்கிறன், யாழ்ப்பாணம் பூர்வீகம். பழையபேப்பர் அண்ணை காணிக் கதையைத் தொட்டுவிட்டு ஒரு முக்கியமான ஆளைச் சொல்லாமல் விட்டுட்டார். 1847 ஜூனில் வந்த சட்டத்தில் ஒரு பிரிவு: கால் ஏக்கருக்கு மேல் காணி வைத்திருப்பவனுக்கு நிவாரணம் இல்லை. கஞ்சி வேணுமா, காணியை ஒப்படை. அதை முன்மொழிந்தவர் வில்லியம் கிரிகரி, கால்வேயில் கூல் பார்க்கின் சொந்தக்காரர், அப்போது டப்ளின் எம்பி. எதிர்த்து வாக்களித்தவர்கள் வெறும் 7 பேர். கனபேர் காணியை விட மனமில்லாமல் வீட்டுக்குள்ளேயே பட்டினி கிடந்து செத்தார்கள், விட்டவர்களின் வீட்டுக் கூரையைக் காரியஸ்தர் உடனே இடித்துப்போட்டார்.

அதே கிரிகரிதான் 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநர். நுவரெலியாவில் படகு ஓட்டப் போகிறோமே கிரிகரி வாவி, அது அவருடைய பெயர். கொழும்பு நூதனசாலையைக் கட்டுவித்ததும் அவர், வாசலில் சிலை நிற்கிறது. வடமத்திய மாகாணத்தைப் பிரித்து, பாழடைந்த குளங்களைத் திருத்தத் தொடங்கியதும் அவர் காலத்தில். எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்தில் நல்ல ஆளுநர் என்று படித்த ஆள். இஞ்ச கால்வேயில் ஒரு கிழவரிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கோ, முகம் எப்படிப் போகுதெண்டு.

தமிழ்நாட்டு ஆட்களுக்கும் ஒருவர் உண்டு. பஞ்ச நிவாரணத்தின் காசுப் பையைக் கையில் வைத்திருந்த கருவூல அதிகாரி சார்ல்ஸ் ட்ரெவெல்யன். செலவைக் குறை, உதவிக்குப் பழக்கிவிடாதே என்பதுதான் அவருடைய கொள்கை. 1848ல் அந்தச் சேவைக்கென்றே சர் பட்டம் கொடுத்தார்கள். 1859ல் சென்னை மாகாண ஆளுநராக வந்தார். அங்கே வருமான வரியை எதிர்த்து வெளிப்படையாக எழுதியதால் 1860ல் திருப்பி அழைத்தார்கள். சென்னையில் ஏழைச் சனத்தின் மேல் வரி போடாதே என்று நின்றவரும் அயர்லாந்தில் கஞ்சிக்குக் கணக்குப் பார்த்தவரும் ஒரே ஆள். எனக்கு இது இன்னும் செரிக்கவில்லை.

---

சும்மா_ஒரு_சந்தேகம் எழுதியது:

மீன் பதிலுக்கு நன்றி அக்கா. வலையை அடகு வைத்தது எனக்குத் தோன்றவே இல்லை. ஒன்று மட்டும், லோகு இருக்கும் லூயிஸ்பர்க் பக்கம்தானே அந்த டூலாக் ஏரிச் சாவுகள்? 400 பேர் ஒரே ராத்திரியில் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். இது உண்மையா, இல்லை காலப்போக்கில் ஊதிப் பெருக்கியதா?

---

பழையபேப்பர் எழுதியது:

அதே இடம்தான், லோகு வீட்டிலிருந்து கூப்பிடு தூரமாக இருக்கும்.

1849 மார்ச் 30. நிவாரணப் பட்டியலில் இருப்பவர்களைச் சரிபார்க்க வெஸ்ட்போர்ட் ஏழையர் வாரியத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் லூயிஸ்பர்க் வருவதாக இருந்தது. ஜனங்கள் கூடி நின்றார்கள். அதிகாரிகள் அங்கே பார்க்காமல், சுமார் 19 கிலோமீட்டர் தள்ளி மலைக்கு நடுவில் இருக்கும் டெல்ஃபி லாட்ஜ் என்ற வேட்டை மாளிகைக்குப் போய்விட்டார்கள். காலை ஏழு மணிக்கு அங்கே ஆஜராக வேண்டும், வராதவர்களின் பெயர் அடிக்கப்படும். பசியில் கிடந்த கூட்டம் ராத்திரியோடு ராத்திரியாகக் குளிரிலும் மழையிலும் நடந்தது. போன இடத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை, திரும்பும் வழியில் விழுந்தார்கள்.

எண்ணிக்கைக்கு வருவோம். ஏப்ரலில் மேயோ பத்திரிகைக்குப் போன ஒரு கடிதம், பெண்களும் குழந்தைகளுமாக ஏழு உடல்கள் சாலையோரம் கிடந்ததாகவும், இன்னும் ஒன்பது பேர் வீடு வந்து சேரவில்லை என்றும் சொல்கிறது. ஊர் வாய்மொழியில் அது நூற்றுக்கணக்காகி, 400 வரைக்கும் போகிறது. அதிகாரிகள் மதியச் சாப்பாட்டில் இருந்தார்கள், முடிகிற வரைக்கும் வெளியே காத்திருக்கச் சொன்னார்கள், காற்றில் ஆட்களே ஏரிக்குள் தள்ளப்பட்டார்கள் என்பதெல்லாம் வாய்மொழி.

இதை "ஊதிப் பெருக்கியது" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட மாட்டேன், 400 என்று சத்தியம் பண்ணவும் மாட்டேன். அந்தக் குளிர்காலம் முழுக்க அந்தச் சாலையிலும் அந்தக் குடிசைகளிலும் செத்தவர்களையெல்லாம் ஊர் அந்த ஒரு ராத்திரிக்குள் போட்டு வைத்திருக்கிறது என்பது என் ஊகம். தனித்தனியாக வீட்டுக்குள் செத்தவர்களுக்குப் பெயரும் வயலும் உண்டு, அதைப் பேசினால் யாருக்காவது உறுத்தும். டூலாக்கில் குற்றவாளி வெளியூர் அதிகாரி. உங்கள் பெரியவரிடம் டூலாக் பற்றிக் கேட்டுப் பாருங்கள், நிறுத்தாமல் பேசுவார்.

---

லோகு_மேயோ எழுதியது:

எல்லாருக்கும் பெரிய நன்றி. பழையபேப்பர் சார், நீங்கள் சொன்னது அச்சு அசல். டூலாக் என்று எடுத்ததுமே பெரியவர் எழுந்து ஜன்னல் வழியாக எந்தப் பக்கமாகப் போனார்கள் என்று கையை நீட்டிக் காட்டினார், அரை மணிக்கு மேல் பேசினார். அப்புறம் பள்ளி நோட்டையும் தேடிப் பார்த்தேன், எங்கள் ஊருக்கு அடுத்த பள்ளியின் பக்கங்கள் கிடைத்தன. இறந்தவர் யார் என்று ஒரு பெயர்கூட இல்லை, எத்தனை வீடு இடிந்துகிடக்கிறது என்பது மட்டும் சரியாக எண்ணி எழுதியிருக்கிறது.

ஏரிக்கரையில் கல் சிலுவை இருக்கிறது, அதில் காந்தியின் வாசகம் ஒன்று பொறித்திருப்பதைப் பார்த்து என் மனைவிக்கு ஆச்சரியம். கார்க் அக்கா, ஸ்கிபரீன் கட்டாயம் வருகிறோம்.

ஒன்று கேட்க மறந்தேன். பெரியவரிடம் அந்தச் சரிவுப் பாத்திகள் யாருடையவை என்று கேட்கலாமா? அவருடைய ஆடுகள் அங்கேதான் மேய்கின்றன.

---

கார்க்_அக்கா எழுதியது:

நேராக வேண்டாம் தம்பி. "இந்த வயலுக்குப் பெயர் என்ன" என்று கேளுங்கள், இங்கே ஒவ்வொரு வயலுக்கும் பெயர் உண்டு. பெரும்பாலும் அது முன்பு அங்கே இருந்த ஒருவருடைய பெயராகத்தான் இருக்கும். சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், சொல்லாவிட்டால் ஆட்டு விலையைப் பற்றிப் பேசுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுவில் எடுத்த க்ரிஃபித் நில மதிப்பீடு இணையத்தில் இருக்கிறது, குடியானவர் பெயர் அதில் வரும், ஆனால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அவரிடம் நீட்டாதீர்கள்.

மே மாதத்தில் டூலாக் வழியாக நினைவு நடை ஒன்று உண்டு, 1988லிருந்து நடக்கிறது, 1991ல் தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டுட்டுகூட வந்து நடந்தார். பெரியவரோடு சேர்ந்து போங்கள், நடக்க முடியாவிட்டால் காரில் உட்கார வைத்துக் கூட்டிப் போங்கள். மழைக்கோட்டு இல்லாமல் மட்டும் கிளம்பாதீர்கள், அந்தப் பள்ளத்தாக்கில் மே மாதமும் நனைத்துவிடும்.